இடுப்பளவுத் தண்ணியில மூணு பேர்

...சாப்பாடு முடிஞ்சு கண்ணு சொருகுற நேரம். காலையிலேர்ந்து இந்த மண்டபத்துல ஒரே விவாதம். ஆட்டிசம்னா எது... அதுக்குள்ள யார் யார் வரலாம், யார் வரக்கூடாது... டாக்டருங்க ஒண்ணு சொல்றாங்க, பெத்தவங்க ஒண்ணு சொல்றாங்க. நான் தீர்ப்பு சொல்ல வரலீங்க. என்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. அதை உங்க முன்னால வச்சிடுறேன், கேக்குறீங்களா?

தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர். அங்க கடல் பெரிசா அலையடிக்காது... குளம் மாதிரி கிடக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அந்த ஊர்ல செசிலின்னு ஒரு அம்மா. அவங்க மகன் ரொசாரியோ. இருபத்திரண்டு வயசு. ஒரு வார்த்தை பேசினதில்ல. பசின்னு சொல்லத் தெரியாது... வலின்னு சொல்லத் தெரியாது. தாங்க முடியாமப் போனா தன் கையையே கடிச்சுக்குவான். ரத்தம் வர்ற வரைக்கும்.

அந்தப் பிள்ளைக்குக் கடல்னா போதும். கேட் திறந்திருந்தா நேரா நடந்து போய், இடுப்பளவு தண்ணியில நிப்பான். நின்னுக்கிட்டே இருப்பான். பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? "ஏன்யா போற... சாகவா போற?"ன்னு கேப்பாங்க. பதில் வராது. கடைசியில கேட்டுக்குப் பூட்டு போட்டாங்க. அன்னையிலேர்ந்து அவன் கையைக் கடிக்கிறது இன்னும் அதிகமாச்சு.

அந்த ஊர்ல பெத்தவங்க சேர்ந்து நடத்துற ஆட்டிசம் சங்கத்துக்குச் செசிலி அம்மாதான் தலைவி. ஒரு நாள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வருது. எழுதினது அமுதவல்லி. வயசு அம்பத்தொண்ணு. பக்கத்து ஊர்லேர்ந்து வந்து இந்த ஊர் தபால் ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க. 'எனக்கு ஆட்டிசம்னு டாக்டர் போன மாசம்தான் சொன்னார். என்னையும் சேர்த்துக்குவீங்களா?'

கூட்டம் போட்டு அமுதவல்லியையும் கூப்பிட்டாங்க. செசிலி எழுந்திரிச்சாங்க. குரலை உயர்த்தல.

"அம்மா... நீங்க பேசுறீங்க. வேலைக்குப் போறீங்க. தனியா பஸ் ஏறி வந்திருக்கீங்க. என் மகனுக்குத் தாகம்னா கூடக் கேக்கத் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா, நாளைக்குப் பேப்பர்ல உங்க படம்தான் வரும். ஆட்டிசம்னா இவ்வளவுதானான்னு ஊர் நினைச்சுக்கும். என் பிள்ளை காணாமப் போயிடுவான்."

அந்தத் தாய் சொன்னது தப்பா? சொல்லுங்க... தப்பா?

அமுதவல்லி தரையைப் பாத்துக்கிட்டேதான் பேசினாங்க. "நீங்க சொல்றது நிஜம். அவர் படுற பாடு நான் படல. ஆனா நான் இத்தனை நாள் பேர் இல்லாம இருக்கலீங்க. பள்ளிக்கூடத்துல திமிர் பிடிச்சவ. கல்யாணமாகிப் பதினோராம் நாள் திருப்பி அனுப்பிட்டாங்க... அப்ப பைத்தியம். ஆபீஸ்ல கல்நெஞ்சுக்காரி. போன மாசம் டாக்டர் வேற ஒரு பேர் சொன்னார். அன்னைக்குத்தான் மத்த பேரெல்லாம் உதிர்ந்துச்சு. இதுவும் எனக்கில்லன்னா... பழைய பேருக்குத்தான் நான் திரும்பிப் போகணும்."

ஓட்டு எடுத்தாங்க. வேணும்னு ஒன்பது பேர். வேண்டாம்னு பதினேழு. அமுதவல்லி தலையை ஆட்டிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

ஒரு வாரம் ஆச்சு. கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் கேட்டைச் சாத்தாமப் போயிட்டார். செசிலி திரும்பிப் பாத்தா... மகனைக் காணோம். ஓடினாங்க. செருப்பு கூடப் போடல. கரையில வந்து பாத்தா, தண்ணியில அவன் நிக்கிறான். நாலடி தள்ளி இன்னொரு உருவம். அமுதவல்லி. வேலை முடிஞ்சா அவங்களும் தினமும் வர்ற இடமாம் அது.

"நீங்க இங்க என்ன செய்றீங்க?"

"நிக்கிறேன்."

"அவன் எதுக்கு வர்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. அவருக்காக நான் பேசக் கூடாது. எனக்கு எப்படின்னா சொல்றேன்... பகல் பூரா சத்தம், வெளிச்சம், ஆளுங்க. உடம்பு துண்டு துண்டாச் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும். இந்தத் தண்ணி நாலா பக்கமும் ஒரே மாதிரி அணைக்குது. அப்பத்தான் நான் ஒரே ஆளா ஆகுறேன்."

செசிலி... மெதுவா... சேலை நனைய நனைய... தண்ணிக்குள்ள இறங்கினாங்க. மகன் பக்கத்துல போய் நின்னாங்க. வெதுவெதுன்னு தண்ணி. வானமும் கடலும் ஒரே நிறத்துல கரையுது. ரொசாரியோ உள்ளங்கையைத் தண்ணி மேல விரிச்சு வச்சிருந்தான். கையைக் கடிக்கல. மூணு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. செசிலி மனசுக்குள்ள ஒண்ணுதான் ஓடுச்சு... 'ஒருவேளை, இவன் சாக வரலியோ... இத்தனை வருஷமா இருக்கத்தான் வந்தானோ.'

அடுத்த கூட்டத்துல செசிலி ரெண்டு தீர்மானம் கொண்டு வந்தாங்க. முதலாவது, அமுதவல்லியைச் சேர்க்கணும். ஒருத்தர் கேட்டார், "அப்ப நம்ம பிள்ளைங்க கதி?"

"அதுக்குத்தான் ரெண்டாவது. எத்தனை பேர் சேர்ந்தாலும், ராத்திரி பகலா துணை வேணுங்கிற பிள்ளைங்களுக்குத்தான் சங்கத்தோட முதல் உதவி. இதை எழுதிக் குடுத்ததே அமுதவல்லிதான்."

ரெண்டும் நிறைவேறுச்சு. நாலு குடும்பம் விலகிப் போச்சு, அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன்.

என் அன்பானவங்களே... இதை எதுக்குச் சொன்னேன்? பேர் ஒண்ணா இருக்கலாம், தப்பில்ல. ஆனா பேர் ஒண்ணுங்கிறதால எல்லார் பாடும் ஒண்ணுன்னு சொல்லிடாதீங்க. 'என் பிள்ளை காணாமப் போயிடுவான்'னு ஒரு தாய் அழுதா, அவளைக் குறுகின மனசுக்காரின்னு ஒதுக்காதீங்க. அந்தப் பயம் நிஜம். அதே மாதிரி... வாழ்க்கையில பாதியைத் தாண்டின ஒருத்தர் உங்க வாசல்ல வந்து, 'நானும்தான்'னு சொன்னா... 'நீயா?'ன்னு ஏற இறங்கப் பாக்காதீங்க.

'உனக்கு எப்படி இருக்கும்?'னு கேளுங்க. கேட்டுட்டு... பதில் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க.