வாய் கட்டிய நாள்

டீ நன்றாக இருக்கிறது மேடம். ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை இந்தச் சுருளிராஜன் என்று உத்தமபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மைக் செட்டும் வீடியோவும் என் தொழில். ஏஐ வந்த பிறகு, இறந்துபோன பெரியவர்களின் குரலைப் பழைய வீடியோவிலிருந்து எடுத்து, பேத்தி கல்யாணத்தில் அவர்களே வாழ்த்துவதுபோலப் பேசவைத்துத் தருகிறேன். மண்டபமே அழும். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கய்யா உசுரோட இருக்கையில இம்புட்டு நல்லாப் பேசுனதே இல்லப்பா" என்றார்.

என் ஒரே மகள் மகாலட்சுமி. என் மைக்கில் அறிவிப்புச் செய்தே வளர்ந்தவள். அவளுக்கு விஜய்ராஜ் மேல் விருப்பம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவன். பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவன் பிறந்த தெருதான் வேறு. "வெட்டிப் போட்டுருவோம்ண்ணே, நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள் என் பங்காளிகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படித்தவன் மேடம் நான். ரத்தத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

அந்தச் சமயத்தில்தான் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வந்தது. மகாலட்சுமி தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். சட்டியை இறக்கும்வரை பேசக் கூடாதென்று விடியும்போதே வாயில் மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். எதற்காக நேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது, வெளியே சொன்னால் பலிக்காதாம். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். விஜய்ராஜ் மலையில், தோட்டத்தில் இருந்தான். அவன் எத்தனை முறை கூப்பிட்டாலும் இவள் பேச முடியாது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் குரல் என்னிடம் ஏராளமாக இருந்தது. கம்ப்யூட்டரில் நான் எழுத எழுத அது பேசியது. அதை அவள் போனிலிருந்தே அவனுக்கு அனுப்பினேன். "எனக்கு வேற எடத்துல பேசி முடிச்சாச்சு. இனிமே என்னயத் தேடாத." அவன் அழுது அனுப்பினான். "சொன்னதெல்லாம் பொய்யா புள்ள? இனி நா உசுரோட இருந்து என்னத்துக்கு?" இதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் எந்த வேலையையும் பாதியில் விடுவது எனக்கு ஆகாது. "அப்ப செத்துப்போ" என்று எழுதினேன். குரல் கொஞ்சம் கோபமாக வந்தது. அமைதியாக மாற்றி அனுப்பினேன்.

அன்றைக்கே கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப் உருண்டது, அவன் பிழைக்கவில்லை. திருவிழா என்பதால் வண்டியில் கூலியாட்கள் யாரும் இல்லை. அடுத்தவர் உயிரோடு விளையாடுகிற பையன் இல்லை அவன், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மகள் போனில் இருந்ததை நான் முன்பே அழித்திருந்தேன்.

கருமாதி முடிந்ததும் அவன் தாய் பஞ்சம்மாள் அவனுடைய போனோடு நேராக என் வாசலுக்கு வந்தாள். என் மகள் முகத்துக்கு நேரே குரலைப் போட்டுக் காட்டினாள். "எம்புள்ளயச் சாகச் சொல்ல ஒனக்கு எப்புடி ஆத்தா வாய் வந்துச்சு?" என்று அழுதாள். தெருவே கூடிவிட்டது.

எதிர்வீட்டு லத்திபாதான் தேதியைப் பார்த்தாள். "ஏத்தா, இது சட்டி எடுத்த அன்னைக்குல்ல? வாயில துணியோட இந்தப் புள்ள வேன்ல ஏறுனத நாங்கெல்லாம் பாத்தோமே. எல்லாரும் வீரபாண்டி போயிட்டாக, வீட்ல இருந்தது இவுக அய்யா மட்டுந்தான்." எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவளால் பேச முடியாது என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் பேசவில்லை என்பதற்கு ஊரே சாட்சியாக நிற்கும் என்று தோன்றாமல் போய்விட்டது. தொழிலில் இப்படியொரு பிசகு எனக்கு நேர்ந்ததே இல்லை மேடம், வெட்கமாக இருக்கிறது.

மகாலட்சுமி அன்று ஒன்றுதான் சொன்னாள். "நீங்க ஒங்க வாயால சரின்னு சொல்லணும்னுதான்ப்பா நா என் வாயக் கட்டுனேன்." சொல்லிவிட்டுப் பஞ்சம்மாளோடு போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அவனைச் சாகவைத்தது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். தினமும் காலையில், சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறாள். நேற்றுகூட, "நீங்க எது செஞ்சாலும் என் நல்லதுக்குத்தானப்பா" என்றாள். சந்தேகமென்றால் என் போனில் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். அவளை மட்டும் நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம் மேடம். என்னிடம் இப்படியெல்லாம் பேசுவது அவளுக்கே தெரியாது.