யார் பேரை அடிப்பது

ஹலோ... ஹலோ, மெட்ராஸா? ... இன்சூரன்ஸ் ஆபீஸுதானே? க்ளெய்ம் பாக்குற பக்தவத்சலம் சார் வேணும்... நீங்கதானா? வணக்கம் சார். வச்சலா பேசறேன். கேளம்பாக்கம் உப்புக் கம்பெனில டைப்பிஸ்ட்டு... ஆமா சார், ஆமா, அதே வச்சலாதான். மூணு லெட்டர் போட்டேனே... தபாலாபீஸ்லேர்ந்து ட்ரங்க் கால்ல பேசிகினுகீறேன். கொஞ்சம் சத்தமா பேசுங்க சார், ஒரே கொரகொரப்பா கீது.

... ஆமா, அந்தக் கம்பி விஷயந்தான்... இல்ல சார். வூடு ரிப்பேரு இல்ல. மூணு லெட்டர்லயும் அதத்தான எழுதிகீறேன்... சரி, மறுபடியும் சொல்றேன். எங்க நைனா பேரு நீலமேகம். திருவிடந்தைல கீறாரு. சித்திர மாசம் கொல்லப்பக்கம் போற படியில வுழுந்து இடுப்பு எலும்பு போச்சு... ஆமா. அவரத் தூக்கப் போயி எங்கம்மா காசியம்மாளும் கைய ஒடிச்சிகினாங்க... ரெண்டு பேருந்தான் சார். ஒரே நாள்ல. டாக்டருதான் சீட்டுல எழுதிக் குடுத்தாரு, படிய எடுத்துட்டு சரிவா பூசு, செவுத்துல புடிச்சிகினு நடக்க கம்பி போடுன்னு. அந்தச் சீட்டுதான் உங்களாண்ட கீது... ரெண்டு காப்பி அனுப்பினேன். மூணாவதும் வேணுமா? ... கெடைச்சிடுச்சா. அப்பாடா.

... இன்னா சார்? ... மேனேஜரு ஒத்துகினாரா? கம்பிக்கு, சரிவுக்கு, எல்லாத்துக்குமா? ... நெசமாவா சார்? ... அய்யோ, அஞ்சு மாசமா இத ஒண்ண கேக்கத்தான் நான்... ஆங்? ... ஆனா இன்னா சார்?

... எழுபத்தி மூணுல எழுதிக் குடுத்த பாரமா? எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். ஆமா, என் கையெழுத்துதான்... என்ன நம்பி கீறவங்கன்ற எடத்துல? ... ஆதியம்மாள். எங்க மாமியாரு... கூடத்தான் கீறாங்க, எங்க வூட்லதான். சரி, அதுக்கும் எங்க நைனாவுக்கும் இன்னா சார்?

... ஒண்ணு மாமியாரு. இல்லன்னா அப்பா அம்மா... ரெண்டுல ஒண்ணுதானா? ... கல்யாணம் ஆன பொம்பளைக்கு அப்பிடியா? ... ஆம்பளைங்களுக்கு அப்பிடி இல்லியா? ... ஓ... இல்ல சார், கோவப்படல. ரூல்ஸ நீங்களா எழுதினீங்க. தெரியும்... தெரியும் சார்.

... மாமியாரு பேர அடிச்சா நைனா, அம்மா பேரு ஏறிடுமா? ... இன்னிக்கேவா? ... ஃபோன்ல எப்பிடி சார் சொல்றது? ... இல்ல, கொஞ்சம் இருங்க. வர்ற செவ்வாக்கெழம மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன் சார். புரை. ரெண்டு கண்ணும் மறைச்சிகீது. உங்க லெட்டரக் காட்டித்தான் நர்சிங் ஹோம்ல பெட்டு வாங்கிகீறோம். அது? ... அதுவும் போயிடுமா? ... ஆமா. பேரு இல்லன்னா லெட்டரு இல்ல... ஆமா, புரியுது... புரியுது சார்.

... யாரு, ஆப்பரேட்டரா? இன்னும் மூணு நிமிஷம் போடும்மா. கட் பண்ணிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்... சார், கீறீங்களா? ... அத்த, ஒண்ணுமில்ல, நீங்க பெஞ்சில உக்காருங்க... ஆமா சார், கூடத்தான் கீறாங்க. ரத்த டெஸ்டுக்குக் கூட்டினு வந்தேன், அப்பிடியே இங்க... இன்னா அத்த? ... உங்களப் பத்தி இல்ல. கம்பியப் பத்தி... எல்லாத்தையும் கேட்டுகினா இருந்தீங்க? ... வேணாம். நான் வேணாம்ன்றேன்ல... அத்த, ஃபோன வுடுங்க. இழுக்காதீங்க, வயரு... அத்த!

...

அய்யோ, குடுங்க இப்பிடி... சார்? நான்தான், வச்சலா. அவங்க சொன்னத எழுதிக்காதீங்க சார்... சொல்லுவாங்க. அவங்க வாயி அப்பிடித்தான். கண்ணே வேணாமாம், இதுவரிக்கும் பாத்ததே போதுமாம். காலைல சட்டியில கை வச்சி சுட்டுகினாங்க. அடுப்புல கீதா, எறக்கி வச்சிகீதான்னு தெரியல. இவங்க வேணாம்னா நான் கேட்டுகினு கம்முனு இருக்கணுமா?

... இல்ல சார், நீங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும். நைனா படுத்த படுக்கையாவும் அம்மா கைக்கட்டோடயும் இருந்தப்போ எனக்கு நாலு நாள்தான் லீவு குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் திருவிடந்தைல போயி உக்காந்தது இவங்கதான். எங்கம்மாவுக்குத் தல வாரி வுட்டு, நைனாவுக்குக் கஞ்சி ஊட்டி... இதே கண்ண வச்சிகினு சார். செவுத்தத் தடவித் தடவி. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல, கண்ணு இவ்ளோ மோசமாப் போயிடுச்சின்னு. அங்க பக்கத்து வூட்டு செங்கம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

... இதுல யோசிக்க இன்னா கீது. எழுதிக்குங்க. கம்பிக்குப் போட்ட க்ளெய்ம வச்சலா வாபஸ் வாங்கிகினாங்கன்னு... ஆமா. நெசமாத்தான்... வருத்தந்தான் சார். இல்லன்னு சொன்னா பொய்யி. அஞ்சு மாசம் அலைஞ்சிகீறேன்... ஆனா கடன வாங்கி ஏற்கெனவே போட்ட கம்பிய யாரு புடுங்கிகினு போவப் போறாங்க? நைனா தெனம் அதப் புடிச்சிகினு பத்தடி நடக்கறாரு. கெணத்தாண்டதான் இன்னும் போடல. அங்க எங்க வூட்டுக்காரரு சவுக்குக் கம்பு நட்டு கயிறு கட்டித் தரேன்னுகீறாரு. மழைக்கு முன்னாடி முடிச்சிடுவோம்.

... எழுதிகினீங்களா சார்? ... ஹலோ? ... இன்னா? ... அத்த பேர அடிச்சிட்டீங்களா? அவங்க சொன்ன ஒடனேவா! ... பேனாவுலயா, பென்சில்லயா? ... நல்லாப் பாத்து சொல்லுங்க சார்... பென்சிலா... பென்சில்தானா. அழிச்சிடுங்க சார். இப்பவே அழிங்க. நான் லைன்லயே கீறேன்.

... ஆச்சா? ... பேரு தெரியுதா? ஒருவாட்டி படிச்சிக் காட்டுங்க சார்... ஆமா... ஆமா, அதான். ரொம்ப தேங்க்ஸ் சார். செவ்வாக்கெழம லெட்டரு செல்லும்ல? ... செல்லும். சரி.

... ஆமா சார், அவங்கதான் அழுவுறது. உங்களுக்கும் கேக்குதா... சொல்றேன், சொல்றேன். கண்ணு செவந்து போனா ஆபரேஷன் தள்ளிப் போட்டுடுவாங்கன்னு சொல்றேன். அப்பதான் நிறுத்துவாங்க... வச்சிட்றேன் சார்.