குழிக்குள் விட்டு வந்த ராடு

"கீழ படு! கண்ணு, கீழ படு!"

படுக்கிறேன். சேற்றுக்குள். முதலில் விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மண் கொட்டுகிறது. வலது காதில் ஒரே இரைச்சல். அது இன்றுவரை நிற்கவில்லை; அந்தக் காதில் வேறெதுவும் கேட்பதில்லை.

கத்தியவர் பழனிச்சாமி அண்ணன். கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் அவர் டிரில்லர், நான் ஹெல்பர். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. கிணறு போட எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போவது புதிதல்ல. ஈஸ்டர், எங்கள் உயிர்ப்புப் பெருவிழா, முடிந்த மறுவாரம் அங்கே சண்டை மூண்டது.

எங்களுக்குத் தெரியவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து கையை ஆட்டினார்கள். அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் கேட்டது. தூரத்தில் டம், டம். நடுநடுவே படபடவென்று துப்பாக்கி.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. துளை போடும் இரும்பு ராடு முழுவதும் குழிக்குள் இருந்தது. ராடைக் குழிக்குள் விட்டுவிட்டு வந்தவனை எங்கள் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். அண்ணன் மறுபடி இன்ஜினைப் போட்டார். ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தோம். ரிக்கின் கம்பம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது ராக்கெட் விடும் வண்டியாகத் தெரிந்திருக்கும். அதையெல்லாம் அப்போது யார் யோசித்தது?

பாதி ராடு வெளியே வந்தபோது முதல் குண்டு. என்னைப் படுக்கச் சொல்லிக் கத்தினார். அவர் படுக்கவில்லை. கை லீவரில் இருந்தது. அடுத்த குண்டு லாரிமேலேயே விழுந்தது.

அவரை நான் கிடந்த சேற்றுக் குழிக்குள் இழுத்துக்கொண்டேன். வயிற்றில் இரும்புத் துண்டு. என் தலைத்துண்டை வைத்து அழுத்துகிறேன். ரத்தம் நிற்கவில்லை. கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றினேன். அண்ணன் ரிக்குக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர். நான் சிலுவை போடுவதைப் பார்த்துத் தினமும் கிண்டல் செய்வார். அன்று கையை நீட்டினார். கொடுத்தேன். 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத கண்ணு. சொல்லிக்கிட்டே இரு."

சொன்னேன். உள்ளுக்குள் ஆண்டவரைத் திட்டிக்கொண்டே சொன்னேன். வெயில் சாயும்போது அவர் மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் குண்டும் நின்றது. கொஞ்சம் முன்னால் நின்றிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். வேறு வேதம், வேறு பாஷை. அந்தக் கிணறே அவர்களுக்காகத்தான். அதன் பக்கத்திலேயே அண்ணனை அடக்கம் செய்தார்கள். மூடியிருந்த விரல்களைப் பிரித்து ஜெபமாலையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. என்னை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். தங்களுக்கே போதாத ரொட்டியில் பாதியைத் தந்தார்கள். எல்லை தாண்டும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது கொல்லிமலையில் இருக்கிறேன். மனைவி இங்கே பைல் நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியில் அரசு நர்ஸ். காட்டுப்பன்றியை விரட்ட யாராவது வெடி போட்டால், மிளகுக் கொடிக்கு அடியில் குப்புறப் படுத்துவிடுகிறேன். அவள் வந்து தோளைத் தொடுவாள்.

"வெடிதானுங்க. பன்னிக்குப் போடறாங்க. எந்திரிங்க."

எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்த வாரமே முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். அண்ணனின் மனைவி வாசலில் நின்றார்.

"உங்க சாமி உங்களக் காப்பாத்துச்சு. எங்க ஊட்டுக்காரர மட்டும் ஏனுங்க உட்டுருச்சு?"

"தெரியலீங்க அண்ணி."

உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். சாத்தியிருந்தால் நியாயம். சோற்றுத் தட்டோடு வந்தார்.

"சாப்புட்டுட்டுப் போங்க."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் தேட எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த ரொட்டியும் இந்தச் சோறும் ஆண்டவருடைய இரக்கம் என்று நம்புகிறேன். களைத்தவன் சுவரில் சாய்கிற மாதிரி அதில் சாய்ந்துகொள்கிறேன். பயம் போகவில்லை. சாய்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். யாரும் மறக்கக் கூடாது. ரிக் லாரி ஒன்று. உருவாமல் குழிக்குள் விட்டு வந்த பாதி ராடு. என் வலது காது. பழனிச்சாமி அண்ணன்.

ஜெபமாலையை இதில் சேர்க்கவில்லை. அது அண்ணன் கையில் இருக்கிறது.