அதிகாரி குதிரையைத் திருப்பினார்

— சேணம் கட்டச் சொன்னேனே, இன்னும் குதிரையோட காதைத் தடவிக்கிட்டு என்ன பண்றீங்க? நானும் பையனும் எங்க அப்பா வீட்டுக்குக் கிளம்பறோம்.

— கட்டறேன்மா. அதுக்கு முன்னாடி குதிரைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல.

— பேச்சை மாத்தாதீங்க பெரியவரே. நீங்கதானே என் வீட்டுக்காரர்கூடப் போனது? பெத்த பிள்ளை ஜுரத்துல கிடந்தான். வைத்தியர் கையை விரிச்சுட்டார். உங்க ஐயாவுக்குப் போன காரியம் நேத்து மத்தியானமே முடிஞ்சுது. இருட்டறதுக்குள்ள வந்திருக்கலாம். இன்னைக்கு வந்து நிக்கறார். ஏன்?

— வழியில ஆட்டு மந்தை குறுக்கே வந்துடுச்சும்மா.

— ராத்திரி முழுக்கவா?

— பெரிய மந்தை. கடைசி ஆடு தாண்டறதுக்குள்ள முதல் ஆடு குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து, திரும்ப எங்களைத் தாண்டிப் போயிடுச்சு.

— அவர் சத்திரத்துல தங்கிட்டு வந்தார்னு சமையல்காரர் சொல்லிட்டார்.

— ...அந்தச் சத்திரத்து வாசல்லதான் மந்தை வந்துச்சு.

— பிள்ளை இருக்கானா போனானான்னு தெரியாம ஒரு அப்பனுக்குத் தூக்கம் வருமா? அந்த மனுஷனோட இனி ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். கட்டுங்க.

— கட்டறேன். ஆனா ஐயா நம்பினார்மா. அதான் நிதானமா வந்தார்.

— எதை நம்பினார்?

— கல்யாண வீட்டுல தண்ணியைத் திராட்சரசமாக்கினாரே, அந்தப் போதகர்... 'பையன் சாகறதுக்குள்ள வாங்க'ன்னு ஐயா அவர்கிட்டக் கெஞ்சினார். அவர் வரல. 'நீ போ, உன் பையன் பிழைச்சுட்டான்'னு சொன்னார். அவ்வளவுதான்.

— மருந்து குடுத்தாரா?

— இல்ல.

— எண்ணெய்? தொட்டுக் குடுத்த துணி கிணி?

— வெறும் வாய்வார்த்தைம்மா. மூட்டை கட்ட நான் கயிறெல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன். கட்டறதுக்கு ஒண்ணுமில்ல.

— அதை வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டாரா?

— கும்பிட்டுட்டுக் குதிரை ஏறிட்டார். எதிர்ப்பட்டவங்க எல்லார்கிட்டயும் 'என் பையனுக்குக் குணமாயிடுச்சு'ன்னார். ஒரு கழுதைகிட்டக்கூடச் சொன்னார். அது தலையாட்டுச்சு.

— அவ்வளவு நம்பினவர் பறந்துல்ல வந்திருக்கணும்?

— பாதி வழி வரைக்கும் பறந்தார்.

— அப்புறம்?

— இந்தப் பட்டை ஏதோ முறுக்கிக்கிச்சு...

— அப்புறம்னு கேட்டேன்.

— சொல்லக் கூடாதுன்னு ஐயா சத்தியம் வாங்கியிருக்கார்மா.

— அப்போ குதிரைகிட்டச் சொல்லுங்க. நான் சும்மா இந்தப் பக்கம் நிக்கறேன்.

— ...குதிரையே, உனக்கே தெரியும். மேட்டுல ஏறினதும் தூரத்துல நம்ம ஊர் தெரிஞ்சுது. ஐயா உன்னை நிறுத்திட்டார். இறங்கிப் போய்ச் சத்திரத்து வாசல்ல உட்கார்ந்துட்டார். படுக்கல. செருப்பைக்கூடக் கழட்டல. 'போகலாம் ஐயா'ன்னேன். 'நான் போய்ப் பாக்காத வரைக்கும் அவன் உயிரோட இருக்கான், என்னை விடு'ன்னார்.

— விடியற வரைக்கும் அங்கேயேவா?

— விடிஞ்சுதான் கிளம்பினோம். எதிர்ல நம்ம சமையல்காரர் கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றார். பார்த்ததும் ஐயா உன்னைத் திருப்பி, வந்த வழியே விரட்டினார்.

— என்னது? நல்ல சேதி கொண்டு போனவரைப் பார்த்தா ஓடினார்?

— நல்லதா கெட்டதான்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? சமையல்காரர் விடல. துரத்தினார்.

— அந்த உடம்பை வெச்சுக்கிட்டா?

— நான் கண்ணால பார்த்த அற்புதம் அது ஒண்ணுதாம்மா. குதிரையைப் பிடிச்சுட்டார். 'நேத்து உச்சி திரும்பினதும் ஜுரம் விட்டுடுச்சு'ன்னு மூச்சு வாங்கச் சொன்னார். போதகர் வாயைத் திறந்த அதே நேரம். ஐயா குதிரை மேலேயே கவிழ்ந்து அழுதார்.

— அப்போ அவர் நம்பவே இல்லையா?

— நம்பினார்மா. நம்பாதவரா இருந்தா அங்கேயே போதகர் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருப்பார். என்ன, அந்த நம்பிக்கை பாதி வழிக்குத்தான் வந்துச்சு.

— பாதி நம்பிக்கைக்குப் பையன் பாதிதானே பிழைச்சிருக்கணும்?

— அதான் எனக்கும் புரியல. முற்றத்துல முழுசா ஓடிக்கிட்டிருக்கான். அந்தப் போதகர் அளந்து குடுக்கறவரா தெரியல. அம்மா? ஏன் அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டீங்க... சேணம் கட்டியாச்சு. பையனை ஏத்திடவா?

— வேண்டாம். அவிழ்த்துடுங்க.

— கோபம் தணிஞ்சுதா? உங்களுக்குக் கோபம் வராம வேற யாருக்கு வரும், ராப்பகலா தலைமாட்டுல இருந்தவங்க. கேக்கணும்னே இருந்தேன்... நீங்கதான் கிட்ட இருந்து பார்த்திருப்பீங்க. ஜுரம் எப்படிம்மா விட்டுச்சு?

— நான் பாக்கல... அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும், அறையை வெளியில தாழ் போட்டுட்டுக் கிணத்தடியில போய் உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ளேயிருந்து கதவைத் தட்டினான். 'அம்மா'ன்னு கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது பெரியவரே. சமையல்காரர் வந்துதான் திறந்தார். நான் எழுந்திருக்கவே இல்ல.