கோலுக்கு வைத்த வேட்டு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் செங்கதிர் கால்பந்துக் கழகத்தின் தலைவர் திரு. தர்மன் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பயிற்சியாளர் திரு. பழனிவேல் அவர்களே! கழக நிர்வாகிகளே! ஆட்டக்காரத் தம்பிகளே! ஆண்டிமடத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்து, இந்தச் சந்தைத் திடலின் புழுதியில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கணவரைப் பறிகொடுத்து, முதல் வரிசையில் கண்ணீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தங்கச்சி செல்வம்மாளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் காசிநாதனின் கனத்த வணக்கம்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். செங்கதிர் ரசிகர் மன்றத்தின் துணைத் தலைவன். அப்படியானால் மன்றத்தின் தலைவர் யார்? இதோ, மாலைக்கு நடுவே படமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்! சைக்கிள் கடை ராசாங்கம்! இந்தத் திடலின் அதிர்வேட்டு ராசாங்கம்!

நான் பேச எழுந்தபோது தலைவர் தர்மன் என் காதருகே வந்து, "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு முடிச்சிடுங்கண்ணே. மத்ததெல்லாம் வேணாம்" என்றார். நல்லதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் சொத்து விவரம் எழுதும்போது வில்லங்கத்தையும் சேர்த்து எழுதுவதுதான் என் தொழில். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

ராசாங்கத்தின் குடும்பத்துக்கு மாரியம்மன் திருவிழாவில் வேட்டுப் போடும் உரிமை உண்டு. இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூளைப் போட்டுக் கெட்டித்து, ஊதுபத்தியால் திரியைக் கொளுத்தினால் ஊரே அதிரும். அந்தக் குழாயைத்தான் எழுபத்து மூன்றாம் ஆண்டு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார். "என்னய்யா இது?" என்று கேட்டேன். "அம்மன் தேரு கிளம்புறதுக்குப் போடுறோம். பந்து உள்ள போறதுக்குப் போடக் கூடாதாண்ணே?" என்றார். அன்று நம் ஆட்டக்காரன் மதுரைவீரன் ஒரு கோல் போட்டான். இவர் வேட்டைப் போட்டார்! அன்று சந்தை நாள் என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். விற்பனைக்குக் கட்டியிருந்த மாடுகள் அத்தனையும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மாட்டுத் தரகர்கள் தார்க்குச்சியோடு எங்களைத் துரத்தினார்கள். அன்றிலிருந்துதான் சந்தை நாளில் ஆட்டம் வைப்பதில்லை என்று முடிவானது. நம் கழகத்தின் ஆட்ட நாளை முடிவு செய்தது எந்தக் கமிட்டியும் இல்லை ஐயா, ராசாங்கத்தின் வேட்டுக்கு மிரண்ட மாடுகள்தான்!

அதற்குப் பிறகு எத்தனை கோல்! எத்தனை வேட்டு! முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் பெண்கள் சத்தம் கேட்டதும், "நம்ம பயலுவ ஒண்ணு போட்டுட்டானுவடி" என்று நிமிர்ந்து சிரிப்பார்களாம். ஆட்டத்தையே பார்த்திராத தாய்மார்கள்கூட இந்த அணியை நேசித்தார்களே, எதனால்? அந்தச் சத்தத்தால்!

செட்டிகுளத்தில் நடந்ததை எத்தனை பேர் அறிவீர்கள்? மலையடிவாரத் திடலில் ஆட்டம். நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். பந்து பஞ்சராகிவிட்டது. அவர்களிடம் வேறு பந்து இல்லை. ஆட்டம் அத்தோடு நின்றிருந்தால் வெற்றி நமக்கு. நான் சும்மா இருந்தேன், நம் ஆட்டக்காரர்களும் சும்மா இருந்தார்கள். இந்த மனிதர் சும்மா இருந்தாரா? இடுப்பில் செருகியிருந்த ஒட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பந்தின் வாயைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்து, உள்ளே இருந்த ரப்பர் பிளாடரை உருவி, உரசி, ஒட்டுப் போட்டுக் காற்றடித்து எதிரணித் தலைவனிடமே கொடுத்தார்! "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அவர் கையைப் பிடித்தேன். "பந்து பார்க்க வந்தோமா, பஞ்சாயத்துப் பண்ண வந்தோமாண்ணே?" என்றார். அவர்கள் ஒரு கோல் திருப்பிப் போட்டார்கள். கடைசியில் நாம் இன்னொன்று போட்டோம். மலை மேலிருந்த முருகனுக்கே கேட்டிருக்கும், அன்று அவர் போட்ட வேட்டு!

அப்படிப்பட்ட வேட்டு ஏன் நின்றது? இரண்டு ஆண்டுகளாக இந்த ஊர் ஏன் ஊமையாகிப் போனது? இதைக் கேட்காமல் ஓர் இரங்கல் உரையா?

தலைவர் அவர்களே, இதே திடலில், இதே இடத்தில் நின்றுதானே சொன்னீர்கள்? "திருச்சியில மில்லு டீமுக்கு ஆடின ஆளைக் கூட்டியாறேன். மூணே மாசம் பொறுங்க. கோப்பையை வூடு வூடா கொண்டாந்து காட்டுறேன்" என்றீர்களே! நாங்கள் நம்பினோம். கை வலிக்கக் கை தட்டினோம். ராசாங்கம் அன்று முன்கூட்டியே ஒரு வேட்டைப் போட்டுவிட்டார். இந்தத் திடலில் கோல் இல்லாமல் அவர் போட்ட ஒரே வேட்டு அதுதான்.

பழனிவேல் அவர்கள் வந்தார். "முதல்ல தோக்காம இருக்கக் கத்துக்கணும். ஜெயிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றார். பத்துப் பேரையும் நம் கோல் போஸ்டுக்கு முன்னால் நிறுத்தினார், முதல் பந்திக்கு இடம் பிடிக்க நிற்கும் கூட்டம் போல! அரியமுத்து இருக்கிறானே, இந்த வட்டாரத்திலேயே அவனைப் போல் ஓட ஆள் உண்டா? சென்டர் பார்வர்டு ஆடிய அந்தப் பிள்ளையை இழுத்து வந்து பேக்கில் நிறுத்தினீர்களே, பயிற்சியாளர் அவர்களே! பாய்கிற காளையைப் பிடித்துச் செக்கில் கட்டினீர்கள்! முன்னால் ஆள் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும்போது, பந்தைத் திருப்பி நம் கோலியிடமே அடித்தானே! எதிரணிக்காரனே இடுப்பில் கை வைத்துச் சிரித்தானே! அந்த அவமானத்தை நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்களிடம்தான் வந்து சொன்னோம். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆட்டம் தெரியாதவங்க பேசக் கூடாதுங்க" என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன் ஐயா, எங்களுக்கு ஆட்டம் தெரியாது. பந்து முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்பதுமா தெரியாது?

ஆட்டத்துக்கு ஆட்டம் ராசாங்கம் குழாயில் மருந்து கெட்டித்துக் கொண்டு வருவார். சும்மா திரும்பிப் போவார். வீட்டில் மருந்தைச் சுரண்டி எடுத்து வெயிலில் காய வைப்பார். "நமத்துப் போவுதுண்ணே" என்பார். மருந்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். சித்திரைக் கோப்பையின் இறுதி ஆட்டம், ஜெயங்கொண்டம் அணியோடு; ஒரு கோலும் போடாமல், சமநிலையும் சீட்டுக் குலுக்கலுமாக அதுவரை வந்திருந்தோம். அவர்களுடைய லெப்ட் அவுட், இடது ஓரத்தில் ஆடுகிறவன், ஒல்லியாக ஒரு பையன். கோட்டோரத்திலிருந்து ஓங்கி ஒரு அடி அடித்தான். பந்து வளைந்து வந்து, நம் பத்துப் பேரையும் தாண்டி, கோலியின் விரல் நுனிக்கு மேலாக உள்ளே போனது. திடலே செத்துப் போனது. அந்த அமைதியில், என் பக்கத்தில், இடி விழுந்தது போல் வேட்டுச் சத்தம்!

ராசாங்கம் வேட்டுப் போட்டுவிட்டார். எதிரி போட்ட கோலுக்கு!

கை தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். "துரோகி!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? மறுநாள் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"ஊரு முன்னாடி எங்க மூஞ்சில கரியைப் பூசிட்டியே, நியாயமாய்யா?" என்றேன்.

பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "நம்ம பசங்க போடுவாங்க, போடுவாங்கன்னு ரெண்டு வருசமா கெட்டிச்சி வச்சது. அந்தப் பையன் அடிச்சான் பாருங்க ஒரு அடி! அதுக்கு வெடிக்கலன்னா இந்தக் குழாயி எனக்கு எதுக்குண்ணே?"

"அவன் ஜெயங்கொண்டத்தான்யா!"

"கோலு கோலுதானேண்ணே."

கடைப்படியை விட்டு இறங்கி வந்துவிட்டேன். ஆனால் என் கோபம் அடங்கவில்லை. செல்வம்மா, உன் முன்னால் வைத்தே சொல்கிறேன், இன்றைக்கும் அடங்கவில்லை. அவர் எங்களைக் கைவிட்டார். உண்மை. ஆனால் அவரைக் கைவிட்டது யார்? அவர் எங்களை ஒரே ஒரு தடவை, ஒரு வேட்டுச் சத்த நேரத்துக்குக் கைவிட்டார். இந்தக் கழகம் இரண்டு ஆண்டு முழுக்க அவரைக் கைவிட்டதே!

அதோடு விட்டீர்களா, நிர்வாகிகளே? கமிட்டி கூடியது. கழக உறுப்பினர் பட்டியலிலிருந்து ராசாங்கத்தின் பெயரை நீக்கினீர்கள். வேட்டோடு திடலுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டீர்கள். பந்துக்கு ஒட்டுப் போடக்கூட வேறு கடைக்கு அனுப்பினீர்கள். அவர் வராமல் நின்றுவிட்டாரா? வந்தார்! அதோ, அந்தக் கருவேல முள்வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தார். கேரியரில் குழாய் இருந்தது.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, வேப்பந்தட்டை அணியோடு ஆட்டம். கடைசி நிமிடம். பந்து தவறி அரியமுத்துவின் காலுக்கு வந்தது. எதிரே கோலி மட்டும்தான். பிள்ளை ஓடினான்! பழைய ஓட்டம் ஓடினான்! நாங்கள் எழுந்து நின்றோம். வேலிக்கு வெளியே ராசாங்கம் ஊதுபத்தியோடு குனிந்துவிட்டார். அப்போது கோட்டோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அரியமுத்து! பின்னால வா! பின்னால வாடா!"

பிள்ளை நின்றான். திரும்பிப் பார்த்தான். பந்தைப் பின்னால் தட்டினான். விசில் ஊதிவிட்டார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் தலை குனிந்திருப்பவருக்குத் தெரியும்.

ராசாங்கம் ஊதுபத்தியை மண்ணில் தேய்த்து அணைத்தார். நான் வேலியோரம் போனேன். சண்டைக்குப் பிறகு அன்றுதான் அவரோடு பேசினேன். "மருந்தைச் சுரண்டிடுய்யா, நமத்துப் போவும்" என்றேன். "வேணாம்ண்ணே. அடுத்த ஆட்டத்துல போட்டுடுவாங்க" என்றார். இவ்வளவுக்கும் பிறகு, போட்டுவிடுவார்கள் என்றார்! மறுநாள் காலை கடைப் பலகையை எடுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

நம் பக்கம் சாவுக்கு வேட்டுப் போடுவது வழக்கம். ஊருக்கெல்லாம் வேட்டுப் போட்டவருக்குப் போடாமல் இருப்போமா? பங்காளிகள் அந்தக் குழாயை எடுத்தார்கள். செல்வம்மாள் ஓடி வந்து தடுத்தாள். "வைங்க கீழ! அது கோலுக்கு வச்சது. இப்ப வெடிச்சீங்கன்னா இந்த மனுசன் எந்திரிச்சி எந்தப் பக்கம் கோலுன்னு கேப்பாரு" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு இன்னும் அதிகமாக அழுதார்கள். அதிர்வேட்டு ராசாங்கம் ஒரு சத்தமும் இல்லாமல் சுடுகாட்டுக்குப் போனார்.

இப்போது தலைவர் அவர்கள் ராசாங்கம் நினைவுக் கோப்பை என்று ஒன்றை அறிவித்திருக்கிறார். நன்றி. உயிரோடு இருந்தவரை வேலிக்கு வெளியே நிறுத்தினீர்கள். செத்த பிறகு படத்தை மேடையில் ஏற்றுகிறீர்கள். கோப்பை வேண்டாம் ஐயா. அந்த மனிதர் உங்களிடம் கேட்டது கோப்பையா? ஒரு கோல்! ஒரே ஒரு கோல்! அதைக்கூட உங்களால் கொடுக்க முடியவில்லையே!

பெரியோர்களே! வருகிற ஞாயிறு இதே திடலில் மறுபடியும் ஜெயங்கொண்டம் அணியோடு ஆட்டம். செல்வம்மாள் அந்தக் குழாயை என்னிடம் கொடுத்திருக்கிறாள். மேடை மேசைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பது அதுதான். தலைவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம், திரி என் சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே இருப்பது ராசாங்கம் தன் கையால் கெட்டித்த மருந்து. எட்டு நாளாகச் செல்வம்மாள் அதை அடுப்படியில் வைத்துக் காத்திருக்கிறாள்.

அவர் விட்ட பணியை நான் எடுத்துக்கொள்கிறேன். வேலிக்கு வெளியே அல்ல, உள்ளே, அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்காருவேன். தடுக்கிறவர்கள் செல்வம்மாளிடம் சொல்லிவிட்டுத் தடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் கோலுக்கு இந்த வேட்டு வெடிக்கும். யார் போட்டாலும் வெடிக்கும்! ஜெயங்கொண்டத்தான் போட்டால் என் நெஞ்சு எரியும். எரிந்தாலும் கொளுத்துவேன். என்னையும் துரோகி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தம்பி அரியமுத்து, எங்கே இருக்கிறாய்? எழுந்து நில்லப்பா. முகத்தைத் துடைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பந்து உன் காலுக்கு வரும்போது பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. நான் கூப்பிட்டாலும் திரும்பாதே. முன்னால் ஓடு. ஊதுபத்தியோடு நான் குனிந்திருப்பேன்.