நெழல் குடுத்தவங்க

இல்லலா டாக்டர், வழி சரியாத்தான் போவுது. ரவாங்லருந்து கோலசிலாங்கூருக்கு ஹைவேலயும் போலாம், ஆனா இன்னிக்கு அங்க ஜாம். இந்த பத்தாங் பெர்ஜுந்தை ரோடுதான் நல்லது. ரெண்டு பக்கமும் செம்பனத் தோட்டந்தான், பாக்க ஒண்ணும் இல்ல, ஆனா நேரத்துக்குப் போயிடலாம். ஏர்கோன் போதுமா? கூட்டவா?

அதெல்லாம் எல்லாரும் வந்துருவாங்க, கவலப்படாதீங்க. உங்க செமினார் மாதவி காலையிலயே சொல்லிட்டாங்க, டாக்டர் சிவானந்தந்தான் இன்னிக்கு முக்கியப் பேச்சாளர், பத்திரமா கூட்டிட்டு வாங்க சசின்னு. இத்தன வருசமா கம்ப்யூட்டர்லயே மொகம் பாத்துக்கிட்டவங்க மொத தடவயா ஒரே மண்டபத்துல உக்காரப் போறீங்களாமே.

டிரைவருக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? என் தங்காச்சியும் பி.எச்.டி. படிச்சவதான் டாக்டர். உங்கள மாதிரியே மேனேஜ்மெண்ட்டு. அவளும் இப்படி ஒரு ஆன்லைன் செமினார்ல இருந்தா. ஞாயித்துக்கெழம காலையில பினாங்கு, ஜொகூர், சென்னை, யாழ்ப்பாணம்னு அங்கங்க படிக்கிறவங்க ஒண்ணா வருவாங்க. ஒருத்தர் தன் ஆராய்ச்சியச் சொல்லணும். மத்தவங்க கேள்வி கேட்டு அடிச்சித் தொவச்சி எடுப்பாங்க. நல்ல விசயந்தான்லா. தனியா உக்காந்து எழுதுறவங்களுக்கு வேற யாரு இருக்கா?

எங்க வீட்டுல லைன் கெடைக்காது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால கார நிறுத்தி, உள்ள உக்காந்துதான் பேசுவா. கண்ணாடிய எறக்குனா மாடு கத்துறது எல்லாருக்கும் கேக்கும்னு ஏத்தியே வச்சிருப்பா. வேர்த்து ஊத்தும். ஆனா வெளிய வரும்போது மொகம் பூரா சிரிப்பா இருக்கும். அண்ணன் இதச் சொன்னாரு, அண்ணன் அதப் படிக்கச் சொன்னாருன்னு ஒரே பேச்சு. நான் இல்ல டாக்டர். செமினார்ல ஒரு சீனியர். எனக்கே பொறாமையா இருக்கும்னா பாத்துக்குங்க.

ஆராய்ச்சியா? எங்க தோட்டத்துப் பொம்பளைங்களப் பத்தித்தான். மருந்தடிக்கிறவங்க. முதுகுல மருந்துத் தொட்டிய மாட்டிக்கிட்டு நெரை நெரையா போகணும். ஒருத்திக்கு முடியலன்னா வேல வாங்குற மண்டோர் விடமாட்டான். அதனால மத்தவங்க அவள மரத்தடியில உக்கார வச்சிட்டு, அவ நெரையையும் சேத்து அடிச்சி முடிச்சிருவாங்க. மண்டோருக்கும் தெரியாது, கணக்கெழுதுற கிராணிக்கும் தெரியாது. யாருக்கு எப்பன்னு அவங்களே பேசி வச்சிக்குவாங்க. இன்னிக்கு அவளுக்கு நெழலுன்னு சொல்லுவாங்க. நெழலு, அவ்ளோதான் அதுக்குப் பேரு. மேனேஜர் இல்லாம நடக்குற மேனேஜ்மெண்ட்டு இதுதான்னு என் தங்காச்சி புடிச்சிக்கிட்டா.

என்ன டாக்டர், தண்ணி வேணுமா? பக்கத்துலயே போத்தல் இருக்கு பாருங்க. குடிங்க.

அந்த வழக்கம் எங்கம்மாவாலதான் வந்துச்சு. எனக்கு முன்னால எங்கம்மா வயித்துல ஒரு புள்ள. முடியல, இன்னிக்கு மட்டும் உட்டுருங்கன்னு மண்டோர்கிட்ட கெஞ்சியிருக்காங்க. போடின்னு அனுப்பிட்டான். நெரையிலயே போயிருச்சு. அதுக்கப்புறந்தான் பொம்பளைங்கல்லாம் சேந்து, இனிமே எவளும் எவன்கிட்டயும் கேக்க வேணாம், நாமளே பாத்துக்குவோம்னு முடிவு பண்ணாங்க. இத எங்கம்மா எங்கப்பாகிட்டகூட முழுசாச் சொன்னதில்ல. தனேஸ்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க. அவ சொல்லலாமான்னு அம்மாகிட்ட கேட்டுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கெழம செமினார்ல சொன்னா. அன்னிக்கு அழுதுட்டேதான் கார விட்டு எறங்குனா.

ஆமா, தனேஸ். தனேஸ்வரிதான். எங்கம்மா தங்கமணியோட மக.

போன எடுக்குறீங்களா? எடுங்க. இந்தப் பக்கம் லைன் வராது. கார நிறுத்தணுமா? இதோ, ஓரங்கட்டிட்டேன். கதவு தொறந்துதான் இருக்கு. ஆனா இந்த ரோட்டுல பஸ்ஸு எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாது. மண்டபத்துல பேனர் கட்டி, உங்க படத்தையும் போட்டு வச்சிருக்காங்க. எறங்கி ஓடிட்டாருன்னு நான் போய்ச் சொல்லவா? வேணாமா? அப்ப கதவச் சாத்துங்க. பயப்படாதீங்க டாக்டர், நான் உங்க மேல கை வைக்க மாட்டேன்.

நீங்க எழுதுனது பெரிய ஜர்னல்ல வந்துச்சு. அதே நெழலு. உங்க பேருல. நீங்களே தோட்டத்துல போய்த் தங்கி, ஒவ்வொருத்தரையா பேட்டி எடுத்ததா. அவ அப்பத்தான் எழுதி முடிக்கிற நேரம். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டாரு, இது ஏற்கெனவே வந்துருச்சே, இதப் பாத்து எழுதுனியான்னு. விசாரணை வேற வச்சாங்க. எங்கம்மா கதைய எங்கம்மா மக திருடலன்னு நிரூபிக்கணுமாம்! அப்பகூட உங்க மேல அவளுக்குக் கோவம் வரல. எங்கயோ தப்பு நடந்துருச்சு, அண்ணன்கிட்ட கேட்டா சரியாயிடும்னு போன் போட்டா. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? செமினாரே பகிர்ந்துக்கிறதுக்குத்தானேமா, இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்குன்னு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நான் பக்கத்துல சோறு தின்னுட்டு இருந்தேன். சோத்தோட கைய உதறிட்டு எந்திரிச்சிட்டேன்.

செமினார்ல மத்தவங்ககிட்டயும் போனா. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நாளைக்கு வேலைக்கு உங்க சிபாரிசு வேணும்ல அவங்களுக்கு. படிப்ப உட்டுட்டா. ஈஜோக்ல ஒரு நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்தப் போனா. கோயில் பக்கமே கார ஓட்டிட்டுப் போகமாட்டா, சுத்திக்கிட்டுத்தான் போவா.

மாதவிக்குத்தான் பொறுக்கல. நான் அன்னிக்கே பேசியிருக்கணும்னு வீட்டுக்கே வந்து அழுதாங்க. நான் சொன்னேன், அந்தாள எங்கயாச்சும் மடக்கி ரெண்டு பல்லத் தட்டிரலாம்னு. தனேஸ் ஒத்துக்கல. அடிச்சா அவருக்குப் பாவம் பாக்க நாலு பேரு வந்துருவாங்கண்ணே, நீ கார மட்டும் ஓட்டுன்னா. இந்த மண்டபம் அவ யோசன. உங்கள முக்கியப் பேச்சாளரா கூப்பிட்டது அவ யோசன. தோட்டத்துப் பெண்களுடன் என் நாட்கள்னு தலைப்பு வச்சதும் அவதான். நீங்களும் ஒடனே சரின்னுட்டீங்களாமே.

வந்தாச்சு டாக்டர். அந்தா, வாசல்ல நீல வேன் நிக்குதுல்ல, அது எங்க தோட்டத்துலருந்து வந்தது. எங்கம்மா, குமுதா அத்தை, இருசப்பன் மாமா பொண்டாட்டி, இன்னும் உசுரோட இருக்குற அத்தன பேரும் பட்டுச்சேல கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்காங்க. நீங்க பேட்டி எடுத்தவங்கதான். ஒருத்தரும் உங்கள இதுவரைக்கும் பாத்ததே இல்லயாம், பாக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டாங்க. உங்க டீனும் வந்துட்டாரு. அவருக்குத் தமிழ் தெரியாதுல்ல, இவங்க பேசப் பேச தனேஸ்தான் பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல சொல்லப் போறா.

எங்கம்மா ரொம்பப் பேச மாட்டாங்க. கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் புள்ள கதையச் சொல்லும்போது அவங்க உங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்கன்னு எழுதியிருக்கீங்கல்ல. எந்தக் கைன்னு கேக்கணுமாம்.

எறங்குங்க டாக்டர். காத்துக்கிட்டு இருக்காங்க.