சம்பந்தி கொடுத்த வால்வு பெட்டி

இல்ல பாஸ், ரிப்பேர் கடக்காரரு நீங்களும் கேபிளுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. மூணு கேபிள் மாத்திட்டேன், மூணும் புதுசு. வயர்மேன் வீட்டுக்கே வந்து மீட்டரப் பாத்தான், எர்த்தப் பாத்தான், என் சம்சாரம் குமுதா போட்ட கோப்பியக் குடிச்சான், போய்ட்டான். கொர்ருனு ஒரு சத்தம், அது மட்டும் போவல. இருங்க, கித்தாரு கொண்டாந்திருக்கேன், மாட்டிக் காட்டுறேன். சுவிட்ச போட்டவொடனே வராது, வால்வு சூடேறணும்... உங்களுக்குத் தெரியாததா. ஆங், இப்ப இந்த அடிக் கம்பி. கேட்டீங்களா? டப்பாவுல வண்டு மாட்டுன மாதிரி இல்ல?

ஏன் அப்பிடி பாக்கறீங்க, கத்துறேனா? புக்கிட் பெலிம்பிங்ல புனிதன்னு கேட்டா சொல்லுவாங்க. செம்பன எண்ணெ மில்லுல முப்பது வருஷம். மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே மெதுவாப் பேசறது மறந்துபோச்சு.

வர்ற ஞாயித்துக்கெழம என் மக ஷர்மினிக்குக் கல்யாணம் பாஸ். பொண்ணு மாப்பிள்ள மண்டபத்துக்குள்ள நடந்து வரப்ப ஒரு பாட்டு போடுவாங்கள்ல... அதுக்கு டிஜே பாட்டு வேணாம்ப்பா, நீங்க வாசிச்சு ரெக்காட் பண்ணிக் குடுங்கன்னுச்சு. சின்னதுல அதத் தூங்க வைக்க நானா ஒரு மெட்டு போட்டு வாசிப்பேன். அதுதான் வேணுமாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பியாவணும்.

சம்பந்தி கலும்பாங் ஊர்க்காரரு. காளியண்ணன். அந்தக் காலத்துல பேண்டுல வாசிச்ச மனுசன். இதக் கேள்விப்பட்டு, "சம்பந்தி, நேரா கம்ப்யூட்டர்ல சொருகி வாசிச்சா சவசவன்னு இருக்கும், எங்கிட்ட வால்வு எம்ப்ளிஃபயர் இருக்கு, ஸ்பீக்கர் பெட்டியோட எடுத்துக்குங்க"ன்னாரு. சும்மாதான் குடுத்தாரு. அவரு வீட்டுல போட்டுக் காட்டுனப்ப தேனு பாஸ். நானே வாய் விட்டுச் சொன்னேன், தேனுன்னு. நம்ம வீட்டுக்கு வந்தா வண்டு.

வைக்காத எடம் இல்ல. ஹால்ல வச்சேன், சமையக்கட்டுல வச்சேன். வால்வு எம்ப கொஞ்சம் சத்தமா தொறந்து வுட்டாத்தான் இனிமை வரும், தொறந்தா தாமான்ல அத்தன வீட்டுக்கும் கேக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கதவத் தட்டி, உங்க பிளெண்டரு ரோசாக்கா, கெட்டுப்போச்சான்னு கேட்டுட்டுப் போவுது. சரின்னு ஸ்பீக்கர மட்டும் குமுதாவோட அலமாரிக்குள்ள வச்சிட்டேன். சேலைங்க இருக்கே, சத்தத்த அப்பிடியே குடிச்சிரும். முன்னாடி மைக்க வச்சு, கதவச் சாத்திட்டு, நான் ஹால்ல உக்காந்து வாசிச்சேன். நல்ல யோசனதான? குமுதா என்னா சொல்றா, கல்யாணச் சேலையில பழைய பெட்டி நாத்தம் அடிக்குதாம். நாத்தத்த வுடு, வண்டு போச்சான்னு கேக்க மாட்டா.

அந்தக் கோவத்துலதான் பாஸ்... ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரு குரூப் இருக்கு வாட்ஸப்புல. நாப்பத்திரெண்டு பேரு. அதுல போட்டேன், "பழைய இரும்புக் கடைக்குப் போற சாமான நம்ம வீட்டுல எறக்கிட்டாங்க"ன்னு. சிரிக்கிற மூஞ்சியும் போட்டேன் லா. சிரிக்கிற மூஞ்சி போட்டா வெளையாட்டுன்னு தெரியாது? காளியண்ணன் அத பாத்தாரு. குரூப்ப வுட்டு வெளியாயிட்டாரு.

அன்னையிலேர்ந்து ரெண்டு நாளா ஷர்மினி எங்கிட்ட பேசறதில்ல. அவங்கம்மாகிட்ட சொல்லி அனுப்புறா. அப்பா மன்னிப்பு கேக்கணுமாம், இல்லன்னா டிஜே பாட்டே போதுமாம். நான் எதுக்குக் கேக்கணும்? தப்பு சாமான்ல. அதுக்குத்தான் உங்கள தேடி வந்தேன். நீங்க கட வச்சிருக்கறவரு, நீங்க சொன்னா எடுபடும். ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருங்க, "பெட்டி பழசு, புனிதன் சொன்னது சரி"ன்னு. புனிதன் சொன்னது சரிங்கறது வேணாம்னா வுட்டுருங்க. பெட்டி பழசுங்கறது போதும்.

ஏன் முன்னாடி துணிய கழட்டுறீங்க? வால்வு இந்த ஸ்பீக்கர் பெட்டியில இல்ல, அந்த எம்புல. துணியெல்லாம் நானே கழட்டி மாட்டுனதுதான், சரியாத்தான்...

என்னாது?

...அரிசிதான்.

இல்ல, காளியண்ணன் வீட்டு எலி கொண்டாந்து போட்டதில்ல. மஞ்சளா இருக்கு பாருங்க. வெள்ளிக்கெழம பெட்டி வீட்டுக்கு வந்துச்சு. புதுச் சாமான் வந்தா சும்மா சுவிட்ச போட்டுருவமா? காரு வாங்குனா எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதான் சாமி மேடைக்கு முன்னாடி வச்சு ஒரு சந்தனப் பொட்டு வச்சேன். துணி மேல வச்சா கறை புடிக்கும், சம்பந்தி குடுத்ததாச்சே... அதனால துணிய கழட்டிட்டு உள்ளாற அந்தக் காகிதம் மாதிரி இருக்குல்ல, அது மேல வச்சேன். சந்தனம் கொஞ்சம் கெட்டி. அது மேல மஞ்சளரிசி தூவுனேன். கொஞ்சம்தான். ஒரு பிடி... சரி, ரெண்டு பிடி. கல்யாணக் காரியம் பாருங்க. அப்புறம் துணிய மாட்டிட்டேன்.

அதுக்கப்புறம்தான் சுவிட்ச போட்டேன். ஆமா. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல போடவே இல்ல.

தட்டுங்க. இன்னும் விழுது. சந்தனம் புடிச்சி வச்சிருக்கு. மெதுவா, கிழிஞ்சிரப் போவுது... அந்த பிரஷ்ஷு நல்லாருக்கே. கித்தாரு நான் அடிக்கட்டுமா? அடிக் கம்பி...

...

தேனு.

நாப்பத்திரெண்டு பேரு பாஸ். அதுல மாப்பிள்ளையோட தாய்மாமன் ஹெட்மாஸ்டரு.

வாய்ஸ் மெசேஜ் வேணாம். வேணாம்னா வேணாம், வுடுங்க. நானே கூப்பிடறேன். இருங்க... ரிங்கு போவுது. எடுக்க மாட்டாரு. எடுக்கலன்னா நான் கூப்பிட்டதா ஆயிரும், ஷர்மினிகிட்ட சொல்லிக்கலாம்... எடுத்துட்டாரு. எடுத்துட்டாரு பாஸ்.

சம்பந்தி... நான்தான்... அது வந்து...

இந்தாங்க, போனப் புடிங்க. ஸ்பீக்கருக்கு நேரா. இன்னும் கிட்ட. நான் பேசப் போறதில்ல, பேசித்தான் இவ்வளவும் வந்துச்சு. ஷர்மினியோட மெட்ட வாசிக்கிறேன். முடிஞ்சதும் அவரு என்னா சொல்றாருன்னு கேட்டு... இல்ல, அதச் சொல்லாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிறேன்.